மங்கா தொடரை உருவாக்குவது யார், மதிப்பிடுவது யார்?

வலமிருந்துஇடம் எழுதியது:

சில ஆண்டுகளாக ஜப்பானியச் சித்திரக்கதைகளான மங்கா படித்து வருகிறேன். ஒரு தொடரை முடித்த கையோடு அதைப் பற்றிய விமர்சனங்களையும் தேடிப் படிப்பது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை மங்காவை ஒரு நாவலைப் போலவே நடத்துகின்றன. கதையில் எதிர்பாராத திருப்பம் வந்தால் அது ஓவியரின் நெடுநாள் திட்டம் என்கின்றன. நடுவில் தொய்வு விழுந்தால் அவருடைய கற்பனை வறண்டுவிட்டது என்கின்றன. ஆனால் வாராந்தர இதழ்களில் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு பொறுப்பாசிரியர் பார்த்துத் திருத்தச் சொல்கிறார் என்றும், வாசகர்கள் அனுப்பும் அஞ்சலட்டைகளைக் கொண்டே தொடரின் ஆயுள் முடிவாகிறது என்றும் ஓவியர்களின் நேர்காணல்களில் படிக்கிறேன். இவை உண்மையானால், விமர்சகர் யாருடைய எழுத்தை விமர்சிக்கிறார் என்ற கேள்வி எழுகிறது.

ஒரு தொடர் இதழில் இடம்பெறும் முன்னர் என்னென்ன நடக்கின்றன, வாசகர் வாக்கு கதையின் போக்கை உண்மையிலேயே மாற்றிய சான்றுகள் உண்டா, ஜப்பானிய விமர்சகர்கள் இதையெல்லாம் கணக்கில் கொள்கிறார்களா என்பவற்றை அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் நன்றாக இருக்கும்.

மைப்புட்டி எழுதியது:

தயாரிப்பு முறையைப் பற்றி நான் சொல்கிறேன். ஷுயெய்ஷா பதிப்பகம் 1968-இல் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஷோனென் ஜம்ப் இதழையே எடுத்துக்கொள்வோம். மற்ற இதழ்களிலும் ஏறக்குறைய இதே நடைமுறைதான் என்றாலும் ஜம்பில் அது மிகக் கறாராக இருக்கும்.

புதிய ஓவியர் தம் கையெழுத்துப் படிகளை நேரில் கொண்டுபோய் ஆசிரியர் குழுவில் ஒருவரிடம் காட்டலாம். அல்லது புதுமுகங்களுக்காக இதழ் நடத்தும் போட்டிகளுக்கு அனுப்பலாம். எந்த ஆசிரியருக்கு அவருடைய ஓவியத்திலோ கதையிலோ நம்பிக்கை பிறக்கிறதோ அவர் பொறுப்பாசிரியர் ஆகிறார். அதன்பின் ஒரே இதழில் முடிந்துவிடும் சிறுகதைகள் சில வெளியாகும். அவற்றுக்குக் கிடைக்கும் வரவேற்பைப் பார்த்து, தொடருக்கான முதல் சில அத்தியாயங்களின் ‘நேமு’ தயாராகும். நேமு என்பது கட்டங்களின் அமைப்பு, உரையாடல், பாத்திரங்களின் நிலை ஆகியவற்றை மட்டும் பென்சிலால் கிறுக்கிக் காட்டும் முன்வரைவு. ஆசிரியர் குழு கூடித் தொடர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் இந்த முன்வரைவுதான் பரிசீலனைக்கு வரும். படைப்பாளி அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. அவருக்காக வாதாடுபவர் பொறுப்பாசிரியர்தான்.

‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் பிறப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோயோஹரு கோட்டோகே முதலில் அளித்த வரைவின் நாயகன் பார்வையையும் கால்களையும் இழந்த, அதிகம் பேசாத வேட்டைக்காரன். அந்த வரைவு கூட்டத்தில் தேறவில்லை. பொறுப்பாசிரியராக இருந்த தத்சுஹிகோ கதாயாமா, இந்தக் கதையுலகில் இவனைவிட இயல்பான ஒருவன் கிடையாதா என்று கேட்டார். ஓரமாக வந்துபோகவிருந்த, கரி விற்கும் சிறுவன் ஒருவனை ஓவியர் நினைவுகூர்ந்தார். 2016 பிப்ரவரியில் தொடர் தொடங்கியபோது அந்தச் சிறுவனே தஞ்சிரோவாக நடுவில் நின்றான். அவனுடைய பரிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் விமர்சகர்களில் எத்தனை பேர், அந்தப் பாத்திரம் கதையின் மையத்துக்கு வந்ததற்குக் கூட்டமொன்றின் மறுப்பும் ஒரு காரணம் என்பதைக் குறிப்பிடுகிறார்கள்?

தொடர் தொடங்கிவிட்டால் வாரத்துக்குச் சுமார் 19 பக்கங்கள் முடிக்க வேண்டும். வாரத்தின் முற்பகுதி நேமுவிலேயே போய்விடும். அது பொறுப்பாசிரியருக்கும் ஓவியருக்கும் இடையே ஒருமுறையேனும் போய்வரும். எஞ்சிய நாட்களில் பென்சில் வரைவு, மை, பின்னணி, சாம்பல் நிழலுக்கான புள்ளித்தாள் என்று வேலை உதவியாளர்களுக்குப் பிரியும். அந்த உதவியாளர்களுக்குக் கூலி கொடுப்பவர் ஓவியரே. இதழ் பக்கத்துக்கு இவ்வளவு என்று தரும் ஊதியத்தின் பெரும்பகுதி அந்தக் கூலியிலேயே கரைந்துவிடுவதால், படைப்பாளியின் உண்மையான வருமானம் பின்னர் வெளியாகும் தனித் தொகுதிகளின் உரிமத்தொகையிலிருந்துதான் கிடைக்கிறது. இரண்டு தொகுதிக்குள் நிறுத்தப்பட்ட தொடர் ஒருவருக்கு ஏறத்தாழ எதையும் மிச்சம் வைப்பதில்லை. ஜம்ப் தொடர்களின் தொடக்க அத்தியாயங்கள் ஏன் அவ்வளவு அவசரத்தோடும் ஆரவாரத்தோடும் இருக்கின்றன என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சிறுகட்டம் எழுதியது:

வாசகர் வாக்கைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அந்த வாரத்து இதழில் பிடித்த மூன்று தொடர்களை வாசகர் குறித்து அனுப்புவது ஜம்பின் மரபு. அஞ்சலட்டையில் தொடங்கியது இப்போது இணையத்திலும் நடக்கிறது. புதிய தொடர் ஒன்று ஏறத்தாழ பத்து வாரங்களுக்குள் தன் இடத்தை நிலைநாட்டாவிட்டால் அதை முடித்துவிடச் சொல்வது அங்கே வாடிக்கை.

வாக்கு கதையை மாற்றியதற்குச் சான்று கேட்டிருந்தீர்கள். 1996-இல் ‘யூ-கி-ஓ’ தொடங்கியபோது அது பலவகை விளையாட்டுகளை வைத்து அத்தியாயந்தோறும் தீயவர்களைத் தண்டிக்கும் கதை. சீட்டாட்டம் அவற்றுள் ஒன்றாக வந்து போக வேண்டியதுதான். வாசகர்கள் அந்த விளையாட்டைப் பற்றி விசாரித்துத் தள்ளியதால் கசுகி தகாஹாஷி அதனிடம் திரும்பி வந்தார்; பிறகு தொடரே அதுவாகிவிட்டது. ‘டிராகன் பால்’ 1984-இல் பயணக் கதையாகத் தொடங்கி வரவேற்பில் சரிந்தபோது, அகிரா டோரியாமாவும் பொறுப்பாசிரியர் கசுஹிகோ டோரிஷிமாவும் தற்காப்புக் கலைப் போட்டியைக் கொண்டுவந்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அதே தொடரில், ஆண்ட்ராய்டுகள் எனப்படும் மனித உருவ எந்திரங்கள் எதிரிகளாக வரும் பகுதியில் நடந்தது எனக்கு இன்னும் சுவையாகத் தோன்றுகிறது. முதலில் வந்த இரு எதிரிகள் ஒரு கிழவர், ஒரு பருத்த உருவம். அப்போது பொறுப்பிலிருந்து விலகிவிட்டிருந்த டோரிஷிமா அதைப் பார்த்துவிட்டு, இவர்களா எதிரிகள் என்று தொலைபேசியில் கடிந்துகொண்டார். டோரியாமா 17, 18 என்ற இளைய இருவரைக் கொண்டுவந்தார். இவர்கள் வெறும் பிள்ளைகள் என்று மறுபடி முணுமுணுப்பு எழவே, செல் என்ற உயிரி பிறந்தது. புதிய பொறுப்பாசிரியர் யூ கோண்டோவுக்கு அதன் தோற்றம் பிடிக்காததால் அது வடிவம் மாறிக்கொண்டே போயிற்று. கதைக்குள்ளோ, எதிர்காலத்திலிருந்து வந்த டிரங்க்ஸ் அந்த முதல் இருவரைப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஆண்ட்ராய்டுகள் இவர்கள் அல்லர் என்கிறான். காலத்தை மாற்றினால் வரலாறும் பிறழும் என்ற கருத்தின் நுட்பமான வெளிப்பாடாக அந்த வரியை வாசிக்கலாம். அவ்வாசிப்பு தவறும் அன்று. ஆனால் ஓர் ஆசிரியரின் தொலைபேசி அழைப்பைக் கதைக்குள் செரித்துக்கொண்ட கைத்திறன் அந்த வரியில் இருக்கிறது என்பதை அறிந்தவர்தான் டோரியாமாவின் உண்மையான மேதைமையைப் பாராட்ட முடியும் என்பது என் கருத்து.

எனினும் வாக்குக்கும் ஆசிரியர் குழுவுக்கும் பணியாமல் நின்றதால் நிலைத்த படைப்பும் உண்டு. 1974-இல், ஷோகாகுகானின் சிறுமியர் வார இதழில் மோட்டோ ஹாகியோ ‘தாமஸின் இதயம்’ என்ற தொடரைத் தொடங்கினார். போட்டி நிறுவனமான ஷுயெய்ஷாவின் இதழில் ‘வெர்சாய் ரோஜா’ அடைந்த பெருவெற்றியைக் கண்டு, நீண்ட தொடர் ஒன்று தமக்கும் வேண்டும் என்று ஷோகாகுகான் விரும்பிய காலம் அது. ஜெர்மனியின் ஒரு மாணவர் விடுதி, தற்கொலை செய்துகொண்ட ஒரு சிறுவன், அவன் கடிதத்தைப் பெற்ற இன்னொருவன் என்று தொடங்கும் அந்தக் கதை, முதல் அத்தியாயத்துக்கான வாசகர் வாக்கில் கடைசி இடத்தில் விழுந்தது. சில வாரங்களிலேயே அதை முடித்துவிடும்படி ஆசிரியர் குழு வற்புறுத்தியது.

அவரைக் காப்பாற்றியது வேறொரு நூல். இரத்தம் உறிஞ்சும் சிறுவர்களைப் பற்றி அவர் முன்பே வரைந்திருந்த ‘போவின் குலம்’ அப்போதுதான் தனித் தொகுதியாக வந்தது. 30,000 படிகள் மூன்று நாட்களில் தீர்ந்தன. சிறுமியர் மங்காவுக்கு அன்று அது கேள்விப்படாத விற்பனை. இப்போதும் ஆசிரியர் குழு கேட்டது என்னவென்றால், தாமஸை விட்டுவிட்டு ‘போவின் குலத்தின்’ தொடர்ச்சியை வரையுங்கள் என்பதே. ஹாகியோ இணங்கவில்லை. வாக்கில் மெல்ல மேலேறிய தொடர் அந்த ஆண்டு டிசம்பரில் 33 அத்தியாயங்களோடு, அவர் எண்ணியபடியே முடிந்தது. இன்று சிறுமியர் மங்காவின் வரலாற்றை எழுதும் எவரும் அந்தத் தொடரைத் தவிர்த்துவிட்டு எழுதுவதில்லை. முதல் வார வாக்கு மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் நமக்கு அதில் நான்கைந்து அத்தியாயங்களே கிடைத்திருக்கும்.

வலமிருந்துஇடம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஹாகியோவின் செய்தி எனக்குப் புதிது. அப்படியானால் அவரைக் கண்டுகொண்டவர்கள் யார்? வாக்களித்த சிறுமியர் முதலில் கைவிட்டார்கள், ஆசிரியர் குழு நிறுத்தப் பார்த்தது. பிறகு அதைச் செவ்வியல் என்று நிலைநாட்டியது விமர்சகர்களா, விருதுக் குழுக்களா? விருதுகளில் பலவற்றைப் பதிப்பகங்களே வழங்குவதால் அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கடைசிப்பக்கம் எழுதியது:

முதலில் ஒரு திருத்தம்: சிறுமியர் அவரைக் கைவிடவில்லை. 30,000 படிகளை மூன்று நாட்களில் வாங்கித் தீர்த்ததும் வாசகர்களே. இதழைப் புரட்டிவிட்டு அட்டையில் மூன்று பெயர் எழுதுபவரும், காசு கொடுத்துத் தொகுதியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்பவரும் ஒரே ஆளாகவே இருந்தாலும், அவர் இரு வேறு மனநிலைகளில் இரு வேறு தீர்ப்புகளை வழங்குகிறார். நண்பர் சிறுகட்டம் வாக்கையும் கலையையும் எதிரெதிராக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு குறைவு. ‘டீமன் ஸ்லேயர்’ ஆசிரியர் கூட்டத்தின் மறுப்பால் கெடவில்லை, சீர்பெற்றது என்பதை மைப்புட்டியே எழுதியிருக்கிறாரே.

விமர்சகர்களைப் பொறுத்தவரை, மங்காவுக்கென்றே தனி விமர்சன மரபு ஜப்பானில் 1960-களில் உருவாயிற்று. ஜுன்சோ இஷிகோ முதலானோர் 1967-இல் ‘மங்காஷுகி’ என்ற விமர்சன இதழைத் தொடங்கினார்கள். அக்காலத்து விமர்சகர்களின் கவனம் பெரிதும் சன்பெய் ஷிராடோவைப் போன்ற ஓவியர்களின் சமூக உள்ளடக்கத்தின் மீதே இருந்தது. சிறுமியர் மங்கா அவர்களுடைய மேசைக்கு அரிதாகவே வந்தது. ஹாகியோவைத் தீவிரமாகப் பேசியவர்கள் அடுத்த தலைமுறை. யோஷிஹிரோ யோனேசாவா உள்ளிட்ட இளைஞர்கள் ‘மெய்க்யூ’ என்ற விமர்சனக் குழுவை நடத்தினார்கள். அந்தக் குழு 1975 டிசம்பரில் டோக்கியோவில் கூட்டிய சிறு சந்திப்புதான் காமிக் மார்க்கெட். 32 குழுக்களோடு தொடங்கிய அது, பின்னர் இலட்சக்கணக்கானோர் கூடும் திருவிழாவாக வளர்ந்தது. இரசிகர்கள் மங்கா விற்கும் சந்தை என்று மட்டும் நாம் அறிந்த ஒன்றை, விமர்சனம் எழுதியவர்கள் தொடங்கினார்கள் என்பது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். ஹாகியோவுக்கு ‘போவின் குலம்’, ‘பதினொருவர் இருக்கிறார்கள்’ ஆகியவற்றுக்காக 1976-இல் ஷோகாகுகான் விருது கிடைத்தது. தாமஸின் பெயர் அதில் இல்லை.

நீங்கள் எழுப்பிய ஐயத்துக்கும் இங்கேயே பதில் தொடங்குகிறது. ஷோகாகுகான், கோடான்ஷா ஆகிய இரு பதிப்பகங்களும் தத்தம் பெயரில் விருது வழங்குகின்றன. அவை தம் வீட்டுப் பிள்ளைகளுக்கே போவதில்லை என்பதற்கு, ஷுயெய்ஷாவின் ‘ஸ்லாம் டங்க்’ ஷோகாகுகான் விருது பெற்றதைச் சொல்லலாம். ஆயினும் பட்டியலைப் படிக்கும்போது வழங்குபவர் யார் என்பதை மறக்காமல் இருப்பது நல்லது. மங்காவின் முன்னோடி ஓவியர் ஒசாமு டெசுகாவின் பெயரில் ஆசாஹி செய்தித்தாள் 1997-இல் தொடங்கிய பண்பாட்டு விருது பதிப்பகங்களுக்கு வெளியே நிற்கிறது. முதல் பெருவிருது ‘டோரேமான்’ படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவுக்குச் சென்றது. நவோகி உராசாவா ‘மான்ஸ்டர்’ தொடருக்காக 1999-இலும் ‘புளூட்டோ’வுக்காக 2005-இலும் அதைப் பெற்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது 2008-இல் தொடங்கிய மங்கா டாய்ஷோ. புத்தகக் கடை ஊழியர்கள் உள்ளிட்ட மங்கா ஆர்வலர்கள் வாக்களிக்கும் இவ்விருதுக்கு, எட்டுத் தொகுதிகளுக்கு மேல் போகாத தொடர்களே தகுதி பெறும். வளர்ந்துவிட்ட மரத்துக்கு யாரும் நீர் ஊற்ற வேண்டியதில்லை என்ற எண்ணம் அந்த விதியில் தெரிகிறது. ‘ஃப்ரீரென்’ 2021-இல் அவ்விருதைப் பெற்றது. உலகமே அதைப் பேசவைத்த அனிமே, அதாவது அசைவூட்டத் தொடர், 2023-இல்தான் வந்தது. ‘டீமன் ஸ்லேயர்’ பெற்ற வரவேற்போ நேர்மாறான வரிசையில் நடந்தது. 2019-இல் அனிமே ஒளிபரப்பான பிறகே அதன் தொகுதிகள் கடைகளில் நில்லாமல் பறந்தன. தொடர் 2020-இல் முடிந்து, டெசுகா விருதுக் குழு 2021-இல் அதற்குச் சிறப்பு விருது அளித்தது.

தயாரிப்பு முறையை விமர்சகர்கள் கணக்கில் கொள்கிறார்களா என்ற முதல் கேள்விக்கு, கொள்பவர்களும் உண்டு என்பதே பதில். 1990-களில் ஃபுசனோசுகே நத்சுமே போன்றோர் கதைச் சுருக்கத்தை விட்டுவிட்டு, கோட்டின் அழுத்தம், கட்டத்தின் அளவு, ஒலிக்குறிப்பு எழுத்துகளின் வடிவம் ஆகியவற்றை ஆராயத் தொடங்கினார்கள். தாமே மங்கா வரைந்தவரான நத்சுமே, மற்றவர்களின் கோடுகளைத் தம் கையால் படியெடுத்து வரைந்து பார்த்தே டெசுகாவின் கோடு எப்போது மாறியது என்று காட்டினார். இவர் நாவலாசிரியர் சோசெகி நத்சுமேயின் பேரன் என்பது கூடுதல் செய்தி. இவ்வகை விமர்சனம் கையின் வேலையைப் பார்க்கிறது. ஆயினும் பொறுப்பாசிரியரின் குரல் எங்கே ஒலிக்கிறது என்பதைக் கோட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நேர்காணல்களை நாடித்தான் ஆக வேண்டும்.

சிறுகட்டம் எழுதியது:

வாக்கையும் கலையையும் நான் எதிரெதிராக நிறுத்தவில்லை, கடைசிப்பக்கம் அவர்களே. ஒரு தொடருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குச்சாவடி வேண்டும் என்பதே என் கருத்து. ஹாஜிமே இசயாமா தம் படைப்பை ஜம்பிடம் காட்டியபோது, அந்த இதழின் பாணிக்கு ஏற்ப மாற்றச் சொன்னார்கள். அவர் கோடான்ஷாவுக்குப் போனார். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ 2009-இல் அந்நிறுவனத்தின் புதிய மாத இதழான பெஸாட்சு ஷோனென் மேகசினின் முதல் இதழில் தொடங்கியது. உடலமைப்பு தவறாக வரையப்பட்டிருக்கிறது என்று ஓவியத்தைக் குறைகூறாதவர் அப்போது இல்லை. இருந்தும், விமர்சகர்களும் புத்தகக் கடைக்காரர்களும் வாக்களிக்கும் ஆண்டுத் தரவரிசை நூல் ஒன்றின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆடவர் வாசகர்களுக்கான பிரிவில் அதுவே முதலிடம் பிடித்தது. ஒரே ஒரு நுழைவாயில் மட்டும் இருந்திருந்தால் அவரும் மாற்றிக்கொண்டிருப்பார், அல்லது திரும்பிப் போயிருப்பார்.

மைப்புட்டி எழுதியது:

‘அட்டாக் ஆன் டைட்டன்’ பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்றும் சேர்க்கிறேன். 2021 ஏப்ரலில் இறுதி அத்தியாயம் இதழில் வந்தபோது வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஜூனில் 34-ஆம் தொகுதி கூடுதல் பக்கங்களோடு வந்தது. ஏப்ரலில் எழுதப்பட்ட விமர்சனங்களும் ஜூனுக்குப் பின் எழுதப்பட்டவையும் ஒரே முடிவைப் பற்றிப் பேசவில்லை. பத்திரிகையில் வரும் வடிவம், தொகுதியில் வரும் வடிவம் என்ற வேறுபாட்டைக் குறிப்பிடாமல் முடிவு சரியில்லை என்று மட்டும் எழுதினால், வாசிப்பவருக்கு எந்த முடிவு என்றே தெரியாது.

அதே ஆண்டு ஜூலை 19 அன்று, ஜம்பின் இணையப் பிரிவில் தத்சுகி ஃபுஜிமோட்டோவின் ‘லுக் பேக்’ முழுதாக ஒரே நாளில் வெளியாயிற்று. ஓவியம் வரையும் இரு சிறுமிகளின் கதையான அதில், கலைக் கல்லூரிக்குள் நுழைந்து தாக்கும் ஒருவன் வருகிறான். அவன் சித்திரிக்கப்பட்ட விதம் மனநோயாளிகளைப் பற்றிய தவறான எண்ணத்தை வளர்க்கும் என்ற கண்டனம் எழுந்தது. இரண்டு வாரங்களுக்குள், ஆகஸ்ட் 2 அன்று, அவனுடைய பேச்சு மாற்றப்பட்டது. செப்டம்பரில் நூலாக வந்தபோது அந்தப் பகுதி மீண்டும் ஒருமுறை திருத்தப்பட்டிருந்தது. சிறுகட்டம் குறிப்பிட்ட தரவரிசை நூலின் 2022 பதிப்பில் ஆடவர் பிரிவின் முதலிடம் அதற்கே.

அஞ்சலட்டை வாக்கு ஒரு தொடரின் அடுத்த அத்தியாயத்தைத்தான் மாற்ற வல்லது. இங்கே விமர்சனம், வெளியாகிவிட்ட பக்கத்தையே மாற்றியிருக்கிறது. அதுவும் தொடர்கூட அல்லாத ஒரு படைப்பில். ‘லுக் பேக்’ பற்றி நீங்கள் ஏதேனும் விமர்சனம் படிப்பதானால், அதை எழுதியவர் மூன்று வடிவங்களில் எதை வைத்துப் பேசுகிறார் என்று முதலில் பாருங்கள். சிலர் அதைக் குறிப்பிடுவதே இல்லை.